மூன்று அதிபர்களுக்கு வக்காலத்து: ஜேம்ஸ் பேக்கர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜேம்ஸ் பேக்கர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1930 ஏப்ரல் 28-ல் டெக்சாஸ் மாநிலம் ஹ்யூஸ்டனில் பிறந்த வக்கீல். கம்பெனி வழக்குகள், ஒப்பந்தப் பத்திரங்கள் என்றே காலத்தை ஓட்டியவர். நாற்பது வயது வரை அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். ரொனால்ட் ரேகனுக்கு வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி (1981–85), அவருக்கே நிதியமைச்சர் (1985–88), அப்பா புஷ்ஷுக்கு வெளியுறவு அமைச்சர் (1989–92), கடைசிச் சில மாதங்கள் மறுபடியும் வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி. 1976 முதல் 1992 வரை நடந்த ஐந்து அதிபர் தேர்தல்களிலும் ஏதாவது ஒரு பிரசாரத்தின் கடிவாளம் அவர் கையில் இருந்தது.

தமிழில் ஒரு வசதி உண்டு. கட்சியில் உறுப்பினராக இருப்பவரும் கட்சிக்காரர். வக்கீலிடம் வழக்கைக் கொண்டுவருபவரும் கட்சிக்காரர். பேக்கர் முதல் வகைக் கட்சிக்காரராக இருந்ததைவிட, இரண்டாம் வகைக் கட்சிக்காரர்களுக்காக வேலை பார்த்ததே அதிகம் என்பது என் எண்ணம். ஃபோர்டு, ரேகன், புஷ் என்று ஒருவர் பின் ஒருவராக மூன்று பேருடைய வழக்கை எடுத்துக்கொண்டார். எடுத்த வழக்கை முடிந்தவரை முடித்துக் கொடுத்தார்.

ஒரு தேர்தலிலும் ஜெயிக்காமல் எப்படி அமைச்சராக முடிந்தது?

நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். இங்கே அமைச்சர் என்றால் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஆகியாக வேண்டும். அமெரிக்காவில் நேர் எதிர். அமைச்சராக இருப்பவர் நாடாளுமன்றத்தில் உட்காரவே கூடாது. அதிபர் தனக்கு வேண்டியவரைப் பொறுக்கி எடுப்பார். செனட் சபை விசாரித்து ஒப்புதல் தரும். பேக்கரை வெளியுறவு அமைச்சராக்க 1989 ஜனவரியில் செனட் ஓட்டெடுத்தபோது 99 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம்.

வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரிக்கு அந்த ஒப்புதல்கூடத் தேவையில்லை. அது முழுக்க அதிபரின் சொந்தத் தேர்வு.

சரி, அவர் தேர்தலில் நிற்கவே இல்லையா என்றால், ஒரே ஒரு தடவை நின்றார். 1978-ல் டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு, அதாவது மாநில அரசின் தலைமை வக்கீல் பதவிக்கு. மார்க் ஒயிட் என்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். அதோடு அந்த ஆசையை மூட்டை கட்டிவிட்டார்.

குடும்பமே வக்கீல் குடும்பம் என்கிறார்களே?

ஆமாம், ஹ்யூஸ்டனில் பேக்கர் என்றாலே சட்டம்தான். கொள்ளுத்தாத்தா சேர்ந்த சட்ட நிறுவனம் இன்றும் பேக்கர் பாட்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. தாத்தாவை ஊரே 'கேப்டன் பேக்கர்' என்று கூப்பிட்டது. அவருடைய பெயர் நிலைத்தது ஒரு கொலை வழக்கால். வில்லியம் மார்ஷ் ரைஸ் என்ற கோடீஸ்வரர் ஹ்யூஸ்டனில் ஒரு கல்வி நிறுவனம் தொடங்கச் சொத்தை எழுதி வைத்திருந்தார். 1900-ல் நியூயார்க்கில் அவரைக் கொன்றுவிட்டு, ஒரு வக்கீலும் வீட்டு வேலைக்காரரும் போலி உயிலைக் காட்டிச் சொத்தைச் சுருட்டப் பார்த்தார்கள். கேப்டன் பேக்கர்தான் சந்தேகப்பட்டுத் தோண்டி, உயில் போலி என்று நிரூபித்துச் சொத்தைக் காப்பாற்றினார். அந்தப் பணத்தில் எழுந்ததுதான் ரைஸ் பல்கலைக்கழகம்.

இந்தத் தாத்தா தன் நிறுவனத்து இளம் வக்கீல்களுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: கடினமாக உழை, படி, அரசியலிலிருந்து விலகியே இரு. பேரன் முதல் இரண்டையும் கேட்டார்.

அப்பா இன்னும் கண்டிப்பானவர். மகனின் நண்பர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'வார்டன்'. முன்கூட்டியே ஆயத்தமாகிவிட்டால் சொதப்பல் நேராது என்ற பொருளில், ஆங்கிலத்தில் 'பி' எழுத்தில் தொடங்கும் ஐந்து சொற்களை அவர் மகனுக்கு மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டே இருந்தார். அமைச்சரான பிறகும் மகன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், படிப்பை முடித்து வந்த பேக்கருக்குக் குடும்ப நிறுவனத்தில் இடம் கிடைக்கவில்லை. பங்குதாரர்களின் உறவினர்களைச் சேர்ப்பதில்லை என்று அங்கே விதி. பிரின்ஸ்டனில் பட்டம் (1952), மரைன் படையில் இரண்டு ஆண்டு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் (1957) என்று எல்லாம் இருந்தும் விதி விதிதான். ஆண்ட்ரூஸ் கர்த் என்ற வேறொரு ஹ்யூஸ்டன் நிறுவனத்தில் சேர்ந்தார். அப்பா நிழலில் வளராமல் போனது நல்லதாயிற்று என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு ஏன் அரசியலுக்கு வந்தார்?

ஒரு டென்னிஸ் கூட்டாளியால். ஹ்யூஸ்டன் கன்ட்ரி கிளப்பில் இரட்டையர் ஆட்டத்துக்கு ஜோடி சேர்ந்தவர் ஜார்ஜ் புஷ். இருவரும் கிளப் பட்டத்தையும் வென்றார்கள். புஷ்ஷுக்கு சர்வீஸ் சுமார், வலைக்கருகில் நின்றால் கெட்டிக்காரர். பேக்கர் பின்னால் நின்று கோடு வரைக்கும் ஓடி எடுப்பவர். அரசியலிலும் பின்னால் இதே ஏற்பாடுதான்.

1970 பிப்ரவரியில் பேக்கரின் மனைவி மேரி புற்றுநோயில் இறந்தார். நான்கு பையன்கள், பேக்கருக்கு 39 வயது. ஆள் நொறுங்கிப் போயிருந்தார். அந்த ஆண்டு செனட் தேர்தலில் நின்ற புஷ், வந்து என் பிரசாரத்தில் வேலை பார், மனசு கொஞ்சம் மாறும் என்று கூப்பிட்டார். அரசியல் ஒன்றும் தெரியாதே, அதோடு நான் ஜனநாயகக் கட்சியாயிற்றே என்றாராம் பேக்கர். இரண்டாவதைச் சரிசெய்துவிடலாம் என்றாராம் புஷ். அன்றைய டெக்சாஸில் வெள்ளைக்கார மேல்தட்டு ஆட்கள் பிறவியிலேயே ஜனநாயகக் கட்சி. அதை மாற்றுவது சட்டையை மாற்றுவது மாதிரி அவ்வளவு லேசு அல்ல. பேக்கர் மாற்றி, புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்கு வந்தார். ஹ்யூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பொறுப்பை எடுத்தார். அந்தக் கவுன்டியில் புஷ் முந்தினார். மாநிலம் முழுக்க எண்ணியபோது ஜனநாயகக் கட்சியின் லாயிட் பென்ட்சனிடம் தோற்றார்.

1973-ல் சூசன் வின்ஸ்டன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அவருக்கு ஏற்கெனவே மூன்று குழந்தைகள், இவருக்கு நான்கு, பிறகு இருவருக்குமாக ஒரு மகள். மொத்தம் எட்டு.

தேசிய அளவில் பெயர் எடுத்தது எப்போது?

1976-ல், தலை எண்ணும் வேலையில்.

1975-ல் புஷ்ஷின் சிபாரிசில் வர்த்தகத் துறைத் துணைச் செயலராக வாஷிங்டன் போயிருந்தார். மறு ஆண்டு அதிபர் ஜெரால்ட் ஃபோர்டுக்குச் சொந்தக் கட்சியிலேயே சவால். எதிரில் நின்றவர் ரேகன். கட்சி மாநாட்டில் 1,130 பிரதிநிதிகள் கிடைத்தால் வெற்றி. இழுபறி. ஃபோர்டு தரப்பில் பிரதிநிதிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் கார் விபத்தில் இறந்துபோக, பேக்கரைக் கூப்பிட்டார்கள்.

அந்த வேலையில் ராஜதந்திரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிரதிநிதியாகப் போன் செய்ய வேண்டும்; அவர் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது, என்ன குறை, அதிபரோடு வெள்ளை மாளிகையில் ஒரு விருந்து போட்டால் சரியாகிவிடுமா என்று பார்க்க வேண்டும். ரேகன் தரப்பு பத்திரிகையாளர்களிடம் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிக்கொண்டிருந்தது. பேக்கர் உறுதியாகக் கையில் இருப்பதை மட்டும் சொன்னார். அதனால் நிருபர்கள் இவருடைய கணக்கை நம்ப ஆரம்பித்தார்கள். வாஷிங்டனில் அவருக்கிருந்த மூலதனத்தில் பாதி அந்த வாரங்களில் சேர்ந்ததுதான். கான்சாஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டு 1,187, ரேகன் 1,070.

உடனே பொதுத் தேர்தல் பிரசாரத்தையும் அவரிடமே கொடுத்தார் ஃபோர்டு. ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டரிடம் தோல்வி; மாநிலவாரியாகக் கணக்கிடும் தேர்வாளர் ஓட்டில் 297-க்கு 240. ஆனால் மிகவும் பின்தங்கியிருந்த ஃபோர்டை அவ்வளவு நெருக்கத்துக்குக் கொண்டுவந்ததே பேச்சாயிற்று.

இரண்டு தடவை தனக்கு எதிராக வேலை பார்த்தவரை ரேகன் ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்?

பேக்கரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1976-ல் ஃபோர்டுக்காக ரேகனைத் தோற்கடித்தார். 1980-ல் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக நடந்த போட்டியில், புஷ்ஷின் பிரசார மேலாளராக மறுபடியும் ரேகனுக்கு எதிரே நின்றார். அயோவாவில் புஷ் ஜெயித்தார். அதற்கப்புறம் ரேகன் ஏறிக்கொண்டே போனார். மே மாதம் கலிஃபோர்னியாவின் முறை நெருங்கியபோது பேக்கர் கஜானாவைப் பார்த்தார், பணம் இல்லை. நண்பர் இன்னும் ஓட வேண்டும் என்கிறார். பேக்கர் நிருபர்களிடம் நிலைமையை உடைத்துப் பேசிவிட, புஷ்ஷுக்குக் கடுங்கோபம். ஆனாலும் மே மாதக் கடைசியில் விலகினார்.

ராஜிக்குப் போவதற்கும் ஒரு நேரம் உண்டு என்பது எந்த வக்கீலுக்கும் தெரியும். இன்னும் ஒரு மாதம் ரேகனை வசைபாடிக்கொண்டிருந்தால் கதவு சாத்தியே போயிருக்கும். நேரத்தோடு விலகியதால் ஜூலையில் துணை அதிபர் வேட்பாளராகும் வாய்ப்பு புஷ்ஷுக்கு வந்தது.

அந்தப் பிரசாரத்தில் கார்ட்டருடனான விவாதத்துக்கு ரேகனைத் தயார்செய்தவர்களில் பேக்கர் ஒருவர். ரேகனின் ஆலோசகர்கள் மைக்கேல் டீவர், ஸ்டூவர்ட் ஸ்பென்சர், எல்லாவற்றுக்கும் மேலாக ரேகனின் மனைவி நான்சி இவரைக் கவனித்தார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வரும் விசுவாசிகளுக்கு வாஷிங்டன் தெரியாது, தெரிந்தவர் வேண்டும். ரேகனும் பழைய கணக்கைப் பார்க்கிற ஆள் இல்லை. தன்னை அடித்தவன் நன்றாக அடித்தான் என்றால் அவனையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்ற புத்திசாலித்தனம் அது.

ஹோவர்ட் பேக்கரும் இவரும் ஒருவரா?

இல்லை, உறவும் இல்லை. ஹோவர்ட் பேக்கர் டென்னசி செனட்டர். குழப்பத்துக்குக் காரணம், அவரும் ரேகனின் வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரியாக 1987–88-ல் இருந்தார். பழைய செய்திகளில் 'பேக்கர்' என்று மட்டும் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று: நம்மவர் பெயரில் 'மூன்றாம்' என்று இருந்தாலும் அந்த வரிசையில் இவர் நான்காவது ஜேம்ஸ் பேக்கர். குடும்பத்துக்கே எண்ணிக்கை தவறிவிட்டது.

வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி உண்மையில் என்ன செய்வார்?

அதிபரின் மேசைக்கு எந்தக் காகிதம் போக வேண்டும், அவர் அறைக்குள் யார் நுழையலாம், அவருடைய ஒரு நாள் எப்படிப் போக வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர். கேட்க குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். பேக்கர் அந்தக் குமாஸ்தா வேலையில்தான் அதிகாரம் முழுவதும் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டார்.

1980 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பதவியை ரேகனின் நெடுநாள் ஆலோசகர் எட்வின் மீஸ் எதிர்பார்த்திருந்தார். கிடைக்காத ஏமாற்றம். அவரைச் சமாதானப்படுத்த பேக்கர் ஒரு காகிதத்தில் வேலைப் பிரிவினை எழுதினார், பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி. மீஸுக்கு அதிபரின் ஆலோசகர் என்ற பட்டம், அமைச்சர் அந்தஸ்து, கொள்கை வகுக்கும் பொறுப்பு. பேக்கருக்கு ஊழியர்களை வைக்கவும் நீக்கவும் அதிகாரம், அதிபருக்குப் போய்வரும் காகிதங்கள், பத்திரிகைத் தொடர்பு, நாடாளுமன்றத் தொடர்பு. கூடவே தலைமை அதிகாரிக்கென்று இருக்கும் மூலை அறை. இருவரும் சுருக்கொப்பம் போட்டார்கள். படித்துப் பார்த்தால் மீஸின் பக்கம்தான் கனமாகத் தெரியும். ஆனால் கொள்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காகிதமாகத்தானே அதிபரிடம் போக வேண்டும்? காகிதம் பேக்கரிடம்.

மீஸ், டீவர், பேக்கர் மூவரையும் சேர்த்து முக்கூட்டு என்றார்கள். அதில் பேக்கர் தினமும் தன் அறையில் ஒரு சிறு குழுவைக் கூட்டி, எந்த மசோதாவுக்கு எத்தனை ஓட்டு, யாரை எப்படி வளைக்கலாம் என்று பார்த்தார். 1981 வரிக்குறைப்பு அப்படித்தான் நிறைவேறியது. 1983-ல் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய நிதி வற்றும் நிலைக்கு வந்தபோது, இரு கட்சி ஆட்களும் ரகசியமாகப் பேசிய இடங்களில் ஒன்று பேக்கரின் வீடு. ஓய்வு வயதைப் படிப்படியாக 65-லிருந்து 67-க்கு உயர்த்துவது உட்பட ஒரு ராஜி முடிந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கசப்பை விழுங்கியது.

1981 மார்ச் 30-ல் ரேகன் சுடப்பட்ட நாளையும் சொல்ல வேண்டும். அதிகாரத்தைத் தற்காலிகமாகத் துணை அதிபரிடம் மாற்றுவதா என்று ஆஸ்பத்திரியில் மீஸும் பேக்கரும் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்தத் துணை அதிபர் பேக்கரின் ஆத்ம நண்பர் புஷ். அவசரப்பட்டிருந்தால் என்ன பேச்சு வந்திருக்கும் என்பது பேக்கருக்குத் தெரிந்தே இருந்தது.

வலதுசாரிகள் இவரை ஒருபோதும் நம்பவில்லை. 1983-ல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக வரப் பார்த்தபோது தடுத்துவிட்டார்கள்.

நிதியமைச்சரானது எப்படி?

நாற்காலி மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நிதியமைச்சராக இருந்த டொனால்ட் ரீகன் (அதிபர் வேறு, இவர் வேறு) தன் வேலையில் சலித்திருந்தார். பேக்கர் தன் வேலையில் களைத்திருந்தார். நீ இங்கே வா, நான் அங்கே போகிறேன் என்று பேசி, 1985 ஜனவரியில் அதிபரிடம் போய்ச் சொன்னார்கள். ரேகன் பெரிதாகக் கேள்வி கேட்காமல் சரி என்றார். வெள்ளை மாளிகைக்கு இது நல்லதாக அமையவில்லை. ஈரானுக்கு ஆயுதம் விற்ற ஊழல் வெடித்தது டொனால்ட் ரீகன் தலைமை அதிகாரியாக இருந்த காலத்தில்.

பேக்கருக்கு லாபம். அந்த ஆண்டு செப்டம்பர் 22-ல் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடினார்கள். டாலர் அளவுக்கு மீறி ஏறியிருந்ததால் அமெரிக்கப் பொருள்களை வெளியே விற்க முடியவில்லை. உள்ளூரில் இறக்குமதித் தடை கேட்டுக் கூச்சல். ஐவரும் சேர்ந்து டாலரைக் கீழே இறக்குவது என்று ஒப்பந்தம். 240 யென் அளவில் இருந்த டாலர் இரண்டு ஆண்டில் 150-க்குக் கீழே வந்துவிட்டது. யென் இப்படி ஏறியதன் விளைவுகளைச் சமாளிக்கப் போய்த்தான் ஜப்பான் குமிழிப் பொருளாதாரத்தில் விழுந்தது என்று வாதிடுவோர் உண்டு.

1986 வரிச் சீர்திருத்தமும் இவர் கணக்கில்தான் சேர வேண்டும், முழுக்க அல்ல. தனிநபர் உச்ச வரி 50 சதவீதத்திலிருந்து 28-க்கு இறங்கியது. பதிலாகப் பல சலுகைகளும் ஓட்டைகளும் அடைபட்டன. கீழவையில் ஜனநாயகக் கட்சியின் ரோஸ்டென்கவ்ஸ்கி, செனட்டில் குடியரசுக் கட்சியின் பேக்வுட் என்று இரண்டு பெரிய தலைகளோடும் பேசிப்பேசியே கரையேற்றினார்.

கறுப்புப் புள்ளி 1987 அக்டோபர் 19. டௌ ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. அதற்கு முந்தைய நாள்களில் மேற்கு ஜெர்மனியின் வட்டி உயர்வைப் பேக்கர் பகிரங்கமாகத் திட்டியது சந்தையின் பயத்தைக் கிளறியது என்ற குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது.

வெளியுறவில் அவருடைய பெரிய சாதனை எது?

பலர் ஜெர்மனி இணைப்பு என்பார்கள். நான் வளைகுடாப் போருக்குக் கூட்டணி சேர்த்ததைத்தான் சொல்வேன். ஏனென்றால் அது 1976-ல் பிரதிநிதிகளை எண்ணிய அதே வேலை, உலக அளவில்.

1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை குவைத்தில் நுழைந்தபோது பேக்கர் சைபீரியாவில் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சேயுடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து மங்கோலியா போனவர் திரும்பி மாஸ்கோ வந்து, மறுநாளே விமான நிலையத்தில் நின்றபடி ஷெவர்ட்நாட்சேயோடு கூட்டறிக்கை விட்டார். ஈராக்குக்கு ஆயுதம் கொடுத்து வந்த சோவியத் யூனியனே அதைக் கண்டித்தது. பனிப்போர் அந்த விமான நிலையத்தில்தான் முடிந்தது என்று பேக்கர் சொல்வார். கொஞ்சம் தற்பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

அப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். போர்ச் செலவு சுமார் 6,100 கோடி டாலர். அதில் சுமார் 5,400 கோடியை சவுதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி போன்றவை கொடுத்தன. நவம்பர் 29-ல் ஐ.நா. பாதுகாப்பு சபைக்குத் தலைமை தாங்கி, ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் 678-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றினார்: 12 ஆதரவு, கியூபாவும் ஏமனும் எதிர்ப்பு, சீனா ஓட்டுப் போடவில்லை. எதிர்த்த ஏமனுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க உதவி சீக்கிரமே வெட்டப்பட்டது. இதையும் சேர்த்துத்தான் ராஜதந்திரம் என்கிறார்கள்.

1991 ஜனவரி 9-ல் ஜெனீவாவில் ஈராக்கின் வெளியுறவு அமைச்சர் தாரிக் அஜீஸை ஆறு மணி நேரத்துக்கு மேல் சந்தித்தார். சதாமுக்கு புஷ் எழுதிய கடிதத்தைப் படித்துப் பார்த்த அஜீஸ், இந்த மொழியில் எழுதியதை எடுத்துப்போக முடியாது என்று மேசையிலேயே விட்டுப் போனார். எட்டு நாளில் குண்டு விழ ஆரம்பித்தது.

'கிழக்கே ஓர் அங்குலம்கூட நகராது' என்று ரஷ்யாவுக்கு வாக்குக் கொடுத்தாரா?

உக்ரைன் போருக்குப் பிறகு அதிகம் கேட்கப்படும் கேள்வி. 1990 பிப்ரவரி 9-ல் மாஸ்கோவில் சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் பேக்கர் பேசியது உண்மை. இணைந்த ஜெர்மனி நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணிக்கு வெளியே தன்னிச்சையாக இருப்பது உங்களுக்குப் பிடிக்குமா, அல்லது நேட்டோவுக்குள் இருந்து, அதன் அதிகார எல்லை கிழக்கே ஓர் அங்குலமும் நகராமல் இருப்பது பிடிக்குமா என்று கேட்டார். பேரத்தில் போட்டுப்பார்க்கும் கேள்வி அது. நேட்டோ எல்லை நீள்வது ஏற்கத்தக்கதல்ல என்றார் கோர்பச்சேவ்; பேக்கரும் ஆமோதித்தார்.

சில நாளிலேயே வாஷிங்டன் அந்த வாசகத்திலிருந்து நழுவியது. ஜெர்மனியின் ஒரு பாதி மட்டும் நேட்டோவில் இருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று வெள்ளை மாளிகை நினைத்தது. செப்டம்பர் 12-ல் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் வெளிநாட்டுப் படைகளும் அணு ஆயுதங்களும் நிறுத்தப்படக் கூடாது என்று மட்டும் ஷரத்து இருக்கிறது. போலந்து, ஹங்கேரி பற்றி ஒரு வரி இல்லை.

வக்கீலின் வாதம்: பத்திரத்தில் இல்லாதது வாக்குறுதி ஆகாது. ரஷ்யர்களின் வாதம்: முகத்துக்கு நேரே சொன்னது வாக்குதானே. சட்டப்படி பேக்கர் பக்கம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எழுதி வாங்கிக்கொள்ளத் தெரியாதவரிடம் எழுதி வாங்குவதில் வல்லவர் பேசினார் என்பதையும் மறைக்க முடியாது.

இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினையில் என்ன செய்தார்?

1990 ஜூனில் பொறுமை இழந்து நாடாளுமன்றக் குழு முன்னால் வெள்ளை மாளிகையின் தொலைபேசி எண்ணையே படித்தார். அமைதியில் அக்கறை வரும்போது கூப்பிடுங்கள் என்று இஸ்ரேல் அரசுக்குச் சேதி. அடுத்த ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டுத் தடவை மேற்காசியா போனார். சிரியாவின் அசாத் ஒன்பது மணி நேரம்கூட விடாமல் பேசுவார், நடுவில் எழுந்து போக வழி இருக்காது. மூத்திரப்பை ராஜதந்திரம் என்று அதற்கு அமெரிக்க அதிகாரிகள் பெயர் வைத்தார்கள்.

சோவியத் யூதர்களைக் குடியமர்த்த இஸ்ரேல் கேட்ட 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை, ஆக்கிரமித்த பகுதிகளில் இஸ்ரேல் நடத்திய குடியேற்றக் கட்டுமானத்தைக் காரணம் காட்டி புஷ்ஷும் இவரும் தள்ளிப்போட்டார்கள். அமெரிக்க அரசியலில் அப்படிச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். 1991 அக்டோபர் 30-ல் மாட்ரிட் அரண்மனையில் இஸ்ரேல், சிரியா, லெபனான், ஜோர்டான்–பாலஸ்தீனக் கூட்டுக்குழு எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒன்றும் தீரவில்லை. உட்கார வைத்ததே வேலை.

தோல்விகள் இல்லையா?

யுகோஸ்லாவியா. 1991 ஜூன் 21-ல் பெல்கிரேடு போய் எல்லோரையும் ஒரே நாளில் சந்தித்து, பிரியாதீர்கள் என்றார். நான்கு நாளில் ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் விடுதலை அறிவித்தன. அந்தச் சண்டையில் எங்கள் நாய் இல்லை, அதாவது அதில் நமக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது இன்றுவரை அவரை விடவில்லை. ஜெயிக்க முடியாத வழக்கை எடுக்காத வக்கீல் புத்திதான் அது. யுகோஸ்லாவியா உடைந்தபோது போஸ்னியாவில் செத்தவர்களுக்கு அந்தப் புத்தியால் பயன் இல்லை.

சதாமுக்கு எதிராக எழுந்த குர்துகளைக் கைவிட்டதும் இதே கணக்குதான். 1991 ஏப்ரலில் துருக்கி எல்லை மலையில் குவிந்திருந்த அகதிகளை நேரில் சில நிமிடங்கள் பார்த்தார், அதிர்ந்து போனார். உடனே நிவாரணத்துக்கு வற்புறுத்தினார். நேரில் பார்த்தால்தான் அவருக்கு உறைத்தது என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார், மறுக்கத் தோன்றவில்லை.

1992-ல் ஏன் தோற்றார்கள்?

பொருளாதாரம் சுணக்கம், நடுவில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ, எதிரில் கிளின்டன். ஆகஸ்டில் புஷ் கூப்பிட்டு, வெளியுறவை விட்டுவிட்டுப் பிரசாரத்துக்கு வா என்றார். உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு மறுபடி ஓட்டுக் கணக்குப் பார்ப்பது கசந்தது. அமைச்சகத்தில் விடைபெறும்போது குரல் தழுதழுத்தது. மனசில்லாமல் போனார், முன்போல வேலை பார்க்கவில்லை என்று புஷ் குடும்பத்திலேயே முணுமுணுப்பு. புஷ்ஷுக்குக் கிடைத்தது 37 சதவீதம்தான்.

2000 ஃப்ளோரிடா விவகாரத்தில் அவர் பங்கு?

மகன் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் ஃப்ளோரிடாவில் ஓட்டு எண்ணிக்கை தகராறு. எழுபது வயது பேக்கரைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பில் வந்து நின்றவர் வாரன் கிறிஸ்டோஃபர். அவரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர், அவரும் வக்கீல். கிறிஸ்டோஃபர் கண்ணியமான பேச்சுவார்த்தையை எதிர்பார்த்தார். பேக்கர் வந்திறங்கியதுமே இது உச்ச நீதிமன்றத்தில்தான் முடியும் என்று கணித்து, மத்திய நீதிமன்றத்துக்கு முதலில் போனார். மாநில உரிமை பேசும் கட்சி மாநில நீதிமன்றத்தைத் தாண்டி ஓடுவதா என்று சொந்த ஆட்களே நெளிந்தார்கள். டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் 5-க்கு 4 தீர்ப்பால் மறு எண்ணிக்கை நின்றது. சுமார் 60 லட்சம் ஓட்டில் 537 வித்தியாசம். மூன்றாவது அதிபருக்குப் பிறகு, கணக்கில் சேராத நான்காவது வக்காலத்து.

2006-ல் லீ ஹாமில்டனோடு சேர்ந்து ஈராக் பற்றி 79 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார்: படையைக் குறையுங்கள், ஈரானோடும் சிரியாவோடும் பேசுங்கள். மகன் புஷ் அடுத்த மாதம் படையைக் கூட்டினார். கட்சிக்காரர் யோசனையைக் கேட்கவில்லை. வக்கீல் பகிரங்கமாக அலட்டிக்கொள்ளவும் இல்லை.

பதவிக்குப் பின் எங்கே போனார்?

1993-ல் பேக்கர் பாட்ஸில் பங்குதாரர் ஆனார். ஆமாம், 1957-ல் கதவைச் சாத்திய அதே நிறுவனம். ரைஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் வந்தது. கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்தில் நிறையச் சம்பாதித்தார். அதிகாரத்தில் பிடித்த கைகளை வியாபாரத்தில் குலுக்குவது சரியா என்ற கேள்வி அவரை விடவில்லை, விடவும் கூடாது. 1997 முதல் 2004 வரை மேற்கு சஹாராவுக்கான ஐ.நா. தூதர், அங்கே மட்டும் எந்த ராஜியும் எடுபடவில்லை.

புஷ்ஷோடு நட்பு கடைசி வரை இருந்ததா?

2018 நவம்பர் 30 காலையில் ஹ்யூஸ்டனில் புஷ் வீட்டுக்குப் பேக்கர் போனார். நாம் எங்கே போகிறோம் என்று கேட்டார் புஷ். சொர்க்கத்துக்கு என்றார் பேக்கர். அங்கேதான் போக வேண்டும் என்றார் புஷ். மாலையில் மறுபடி போய், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து நண்பரின் பாதங்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்குச் சற்றுப் பிறகு புஷ் இறந்தார். பேக்கருக்கு அப்போது 88 வயது.